தெற்குப் பார்த்த யன்னல்

சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு மண்மூட்டை கிழிந்து கிடந்தது. பூச்சாடிகளுக்கென்று பையில் அடைத்து விற்கிற கறுப்பு மண். யாருடைய தள்ளுவண்டியோ ஏறி இறங்கியிருக்க வேண்டும். பெப்ரவரிக் கடைசி. ஹனோவரில் காற்று இன்னமும் காதைக் கிள்ளிக்கொண்டிருந்தது. வாசற்கதவு விலகும்போதெல்லாம் உள்ளேயிருந்து வந்த வெப்பக்காற்று அந்த மண்ணில் பட்டு ஒரு வாசத்தைக் கிளப்பியது. ஈரம், வேர், கொஞ்சம் புளிப்பு. பால்பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் முணுமுணுத்தபடி என்னைச் சுற்றிக்கொண்டு போனார். என் கை என்னைக் கேளாமலே மேலங்கியின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பழக்கம் என்னுடையதல்ல. எதிர்வீட்டு அண்ணையுடையது.

கெல்சென்கிர்ச்சனில் மூன்றாம் மாடியில் எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவருடையது. நான் அங்கே குடியிருந்த கடைசி மாரிகாலம் அது. என் கணவருக்கு ஹனோவரில் வேலை கிடைத்து அவர் முன்னே போய்விட்டார். நான் பல்வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்த வேலையை முடித்துக்கொடுப்பதற்காக மார்ச் கடைசி வரை தனியே இருந்தேன். ஊர் முழுக்கக் கால்பந்துப் பேச்சு. வருகிற கோடையில் உலகக்கிண்ண ஆட்டங்கள் எங்கள் ஊருக்கும் வருகின்றனவென்று பேக்கரியில் பாண் வாங்கும்போதும் பந்து, பல் பிடுங்கும்போதும் பந்து. அந்த ஊரில் வேறொன்றுக்காகக் கோடையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அண்ணைதான். அவர் கத்தரிக்காய்க்குக் காத்திருந்தார்.

காத்திருந்தார் என்று எழுதுவது பிழை. காத்திருப்பது அவருக்கு வராது. அவர் முந்திப் போய் அங்கே நின்றுகொண்டு எங்களைக் கூப்பிடுகிறவர்.

அவருக்கு உறைந்த உணவுகளை அடுக்கிவைக்கிற குளிர்க்களஞ்சியத்தில் வேலை. உள்ளே ஆடியும் மார்கழியும் ஒன்றுதான், பூச்சியத்துக்குக் கீழே இருபத்திநான்கு பாகை. கீரை, பட்டாணி, போஞ்சி எல்லாம் கல்லாகிப் பெட்டிகளில் கிடக்கும். காலை ஆறு மணிக்கு விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி உடுப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே வருவார், கண்ணிமையில் வெண்பொடி ஒட்டியபடி. இருபத்திநான்குக்குக் கீழே இருந்து வருகிற ஆளுக்கு வெளியிலே இருக்கிற இரண்டு பாகை எப்படித் தெரியும்? எங்களுக்கு அது நடுமாரி. அவருக்கு அது வசந்தம்.

மூன்று மணிக்கு எங்கள் கட்டிடத்து வாசலில் நின்று மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா கழுத்துத்துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவரைப் பார்த்துப் போவாள்.

"அண்ணை, யக்கெட்டைப் பூட்டுங்கோ. காய்ச்சல் வரப்போகுது."

"என்ன கதைக்கிறியள் தங்கச்சி, எனக்கு வெக்கை தாங்கேலாமல் கிடக்கு. மூக்கை விரிச்சுப் பாருங்கோ. மண் இளகிற மணம் வருது."

நான் மூக்கை விரித்துப் பார்த்தேன். பேருந்தின் டீசல் மணம் வந்தது. ஆனாலும், சொன்னால் சிரிப்பீர்கள், அதற்குப் பின்னாலே ஏதோ ஒன்று வந்ததுபோலவும் இருந்தது.

ஜனவரி நடுவில் ஒருநாள் கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு. தட்டில் பன்னிரண்டு யோகட் குவளைகள். எல்லாவற்றிலும் கறுப்பு மண்.

"குறை நினைக்காதேங்கோ. உங்கடை குசினி யன்னல் தெற்குப் பாத்ததல்லோ?"

"தெரியாதே அண்ணை. நான் பாக்கேல்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வை! பிள்ளையின் பெயரைக் கேட்டபோது தாய் தெரியாது என்று சொன்னால் ஒரு மனிதர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

"தெற்குத்தான். நான் கீழை றோட்டிலை நிண்டு பாத்தனான். எங்கடை வடக்கு. வடக்கிலை பூஞ்சணம்தான் முளைக்கும். இந்த ஒரு தட்டை மட்டும் வைச்சிட்டுப் போறன்."

ஒரு தட்டுத்தான். மாதக் கடைசியில் ஐந்து தட்டு. பெப்ரவரி பத்தாம் தேதி எண்ணினேன், பதினொன்று. என் சமையலறை யன்னற்கட்டு நிரம்பி, மேசை நிரம்பி, சலவை யந்திரத்தின் தலையிலும் இரண்டு. முட்டைப் பெட்டிகள், பால்பெட்டியைக் கிடையாக அறுத்தவை, ஐஸ்கிறீம் டப்பாக்கள். என் தேநீர்க் கோப்பைக்கு இடம் போயிற்று. நின்றுகொண்டு குடித்தேன். கணவர் ஹனோவரிலிருந்து தொலைபேசியில் என் சுகம் கேட்பதற்கு முன்னால், "காடு எப்பிடி?" என்று கேட்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு நாளும் மூன்றரைக்கு அண்ணை வருவார். சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு, காலுறையோடு, ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்க வந்தவர் மாதிரி மெதுவாக நடந்து. தேக்கரண்டியால் தண்ணீர் விடுவார். பிறகு ஒவ்வொரு குவளையையும் அரை வட்டம் திருப்பி வைப்பார்.

"ஏன் அண்ணை திருப்புறியள்?"

"ஒரே பக்கம் பாத்துக்கொண்டு நிண்டால் கழுத்து வலிக்குமெல்லோ."

முதல் மிளகாய் முளைத்த அன்று நான் வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, தட்டல். அவருக்கு எப்படித் தெரிந்தது? தெரியாது, வழக்கமான வரவுதான். ஆனால் உள்ளே வந்தவர் மூன்றாம் தட்டின் முன்னால் அப்படியே குந்திவிட்டார். வெள்ளை நூல் மாதிரி ஒரு தண்டு. அதன் தலையில் விதைக்கோது இன்னும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் பாருங்கோ. குளிருக்கு. எங்கடை வேலைத்தலத்து ஆள்தான்."

நானும் குந்தினேன். முப்பத்தைந்து வயதில், கோட்டோடு, குசினித் தரையில் ஒரு நூலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் இருந்தோம் என்று தெரியாது. யன்னலுக்கு வெளியே பனிமழை தூறியது.

குவளைகளில் அவர் என்ன விதை என்று எழுதமாட்டார். இலையைப் பார்த்தால் தெரியாதோ என்பார். யாருக்கு என்றுதான் எழுதுவார், நீலப் பேனாவால் ஒட்டுத்தாளில். 'கீழ்வீட்டு அம்மா.' 'கோயில் ஐயர்.' 'பஸ் ஓடுற துருக்கியர்.' 'பல்வைத்தியர்', அதாவது என் முதலாளி. முளைத்து இரண்டு இலை விடாத கத்தரிக்கு உரிமையாளர் வந்தாயிற்று. ஆட்களைத் தெருவில் கண்டால் அந்தப் பயிர் ஏற்கெனவே ஆய்ந்து பையில் போட்டாயிற்று என்கிற மாதிரியே பேசுவார். "உங்கடை கத்தரிக்காய் நல்ல ஊதா. காம்பிலை முள்ளுக் கிடக்கு, பாத்துப் பிடியுங்கோ." பெப்ரவரியில். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, இதுதான் வேடிக்கை, அவர்களே விசாரிக்கத் தொடங்கினார்கள். பேருந்துச் சாரதி வண்டியை நிறுத்தி, "என்னுடையது எவ்வளவு உயரம்?" என்று கேட்டதை நானே கேட்டேன்.

அவருடைய மனைவி, எனக்கு அக்கா, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொல்லுவா: "இந்த மனிசன் காய்க்காத கத்தரிக்காயாலை ஊர் முழுக்கக் கறி வைச்சிட்டுது. இனி ஊர் வந்து கோப்பையை நீட்டேக்கை நான்தான் முகம் குடுக்கோணும்."

"நீர் சும்மா இரும். உம்மடை பயித்தங்காய்க்குப் பந்தல் எந்தப் பக்கம் எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"நடக்கிற மாதத்தை ஒருக்கால் யோசியும்."

அதையும் அவர் யோசிப்பதில்லை. அவர்கள் குசினியில் தொங்கிய நாட்காட்டி எப்போதும் ஒரு மாதம் முன்னால் புரட்டப்பட்டிருக்கும். பெப்ரவரியில் மார்ச். படத்தில் மஞ்சள் பூ இருந்ததால் பொறுக்க முடியவில்லையாம். அக்கா பின்னால் திருப்புவா, அவர் முன்னால் திருப்புவார். அந்த வருஷம் பெப்ரவரித் தேதிகளும் மார்ச்சுத் தேதிகளும் ஒரே கிழமைகளில் விழுந்து தொலைத்தன. ஒரு வியாழக்கிழமை, சவரம் செய்து, வாசனை பூசி, எங்கள் பல்வைத்தியரின் காத்திருப்பறையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் புத்தகத்தில் அவர் பெயரே கிடைக்கவில்லை. தேடிக் கண்டுபிடித்தேன். டெர்மின், அதாவது அவருக்குக் குறித்துக்கொடுத்த நாள், சரியாக அடுத்த மாதம் அதே தேதி.

"ஒரு மாதம் முந்தி வந்திட்டியள் அண்ணை."

"அப்பிடியோ." கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்லை. பல்லும் கொஞ்சம் முந்திட்டுது போலை கிடக்கு."

வைத்தியர் சிரித்துவிட்டு அன்றே பார்த்து அனுப்பினார். வாயில் பஞ்சோடு போகிற போக்கில் அண்ணை காத்திருப்பறையின் யன்னலைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். பஞ்சு இருந்தாலும் விளங்கியது. மேற்கு என்று சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார்.

இத்தனை நாற்றுக்கும் நிலம் எங்கே என்று கேட்பீர்கள். இருந்தது. இலக்கம் பதினாலு.

கால்வாயோரத்தில், பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமேட்டு அடியில், ஒரு தோட்டச் சங்கம் இருந்தது. ஆளுக்கொரு துண்டு நிலம், ஒரு சின்ன மரக்கொட்டில், இடுப்பளவு வேலி. அண்ணை அங்கே விண்ணப்பம் போட்டிருந்தார். கார்த்திகையில் ஒருநாள் வேலையில் நிற்கும்போது சங்கச் செயலாளரிடமிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. குளிர் அறைக்கும் வெளிக்கும் நடுவிலுள்ள கூடத்தில், காதை மூடிய மயிர்த்தொப்பியைக் கழற்றாமல், பெரிய விசிறிகளின் இரைச்சலுக்குள் நின்று கேட்டிருக்கிறார். கேட்டது இவ்வளவுதான்: கார்ட்டன் லிஸ்ட்டில் நீங்கள் பதினாலு. கார்ட்டன் என்றால் தோட்டம். தோட்டப் பட்டியல். இலக்கம் பதினாலு.

அன்று வரும்போது பேருந்துத் தரிப்பில் மூன்று பேருக்குப் பூசணிக்காய் கொடுத்துவிட்டார், வாயால்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் பதினாலாம் இலக்கத்தைப் போய்ப் பார்ப்பார். ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கைவிட்ட நிலம் மாதிரித்தான் இருந்தது. உயரப் புல் கருகிச் சாய்ந்திருந்தது. ஒரு ஆப்பிள் மரம். பச்சைக் கதவு போட்ட கொட்டில். அண்ணை வேலிக்கு வெளியே நின்று கையை நீட்டி நீட்டி நட்டார். அங்கே மிளகாய். இங்கே வெண்டி. அந்தக் கரையில் பயித்தங்காய்ப் பந்தல், அதன் நிழலில் அக்காவுக்கு ஒரு கதிரை. அவர் சொல்லச் சொல்ல, எரிந்த புல்லுக்கு மேலே பச்சை ஏறிக்கொண்டு வந்ததை நான் கண்டேன். குளிரில் கண் கலங்கியிருந்தது, அதுவும் காரணமாக இருக்கலாம்.

"ஒப்பந்தம் கையெழுத்து வைச்சாச்சோ அண்ணை?"

"கடிதம் கிடிதம் பங்குனியிலை வரும், ஜெர்மன்காரர் ஆறுதலாத்தானே எழுதுவினம். மண் கடிதம் பாத்தோ இளகுது?"

மண் இளகியது. பெப்ரவரி நடுவில் ஒரு வாரம் காற்று மாறி உறைபனி விட்டுப்போனது. அந்த ஞாயிறு அவர் பொழுதுபட வந்தார், முழங்கால் வரை சேறு, தோளில் துருக்கிக் கடையில் வாங்கிய மண்வெட்டி. வேலிப் படலைக்குப் பூட்டில்லை, வெறும் கொளுக்கிதானாம். "எட்டுப் பாத்தி. முழங்கை ஆழத்துக்குக் கொத்தி, வரம்பு கட்டி, வாய்க்காலும் விட்டாச்சு" என்றார். அந்த முகத்தை நான் பிறகு எந்த மனிதரிலும் காணவில்லை. உள்ளே ஏதோ ஒரு விளக்கின் திரியைத் தூண்டிவிட்ட மாதிரி.

புதன்கிழமை கடிதம் வந்தது.

என் ஜெர்மன் நல்லதென்று அண்ணை அதை உடைக்காமலே என்னிடம் கொண்டுவந்தார். அக்காவும் கூட. தேநீர் வைத்துவிட்டு வாசித்தேன். இரண்டாம் வரியில் என் வாய் நின்றுவிட்டது. அவருக்கு ஒரு இலக்கம் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.

"உதென்ன, பதிமூண்டு எண்டு கிடக்கு? எனக்குப் பதினாலல்லோ தந்தவை? மாத்திப்போட்டினமோ? தங்கச்சி, பதிமூண்டிலை ஆப்பிள் மரம் இல்லை."

அந்தச் சொல் கார்ட்டன் இல்லை. வார்ட்டன். ஓர் எழுத்துத்தான். வார்ட்டன் என்றால் காத்திருத்தல். காத்திருப்போர் பட்டியலில் தங்கள் இடம் பதினான்கிலிருந்து பதின்மூன்றுக்கு முன்னேறியுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.

"அண்ணை, இது கொஞ்சம் சட்டத் தமிழ் மாதிரி எழுதிக் கிடக்கு. நான் ஆறுதலா வாசிச்சுச் சொல்லுறன்" என்றேன். ஜெர்மன் கடிதத்தில் சட்டத் தமிழ்! அவர் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தா.

இரண்டு நாள் சொல்லவில்லை. இரண்டு நாளும் மூன்றரைக்கு வந்து குவளை திருப்பினார். நான் பாத்திரம் கழுவுகிற சாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். யன்னற்கட்டில் ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது: ஐயர், பஸ் ஓடுறவர், கீழ்வீட்டு அம்மா. எல்லாரும் இரண்டு இலையோடு. வெள்ளிக்கிழமை அவர் பந்தலுக்குக் கம்பு பார்க்கப் போகிறேன் என்றபோது கையைத் துடைத்துக்கொண்டு போய் எதிர்க்கதவைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

அண்ணை கதிரையில் இருந்தார்.

"அப்ப பதினாலு எண்டது?"

"உங்களுக்கு முன்னாலை பதின்மூண்டு பேர் நிண்டவை. இப்ப பன்னிரண்டு."

"அப்ப," அவர் எழுந்துவிட்டார், "நான் கொத்தினது ஆரின்டை நிலம்?"

அக்கா தலையில் கைவைத்தா. "அகதி வழக்குக்கு ஏழு வருசம் வார்ட்டன் வார்ட்டன் எண்டு கந்தோர் கந்தோராய்க் குந்தியிருந்த மனிசன். அந்தச் சொல்லோ உமக்கு விளங்கேல்லை?"

"நல்லாத் தெரிஞ்ச சொல்லெண்டபடியால்தான்," என்றார் அண்ணை, "காது அதை வாங்கேல்லை."

மாறிமாறிப் புரட்டப்பட்ட நாட்காட்டி மார்ச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் திருப்பப் போகவில்லை.

அடுத்த நாள் காலை நாங்கள் இருவரும் போனோம். மன்னிப்புக் கேட்க அவர், மொழிபெயர்க்க நான். வியாழன் இரவே உறைபனி திரும்பியிருந்தது. வழியில் அவர் முதல்முறையாக மேலங்கியைக் கழுத்துவரை பூட்டியிருந்ததைக் கண்டேன். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாற்றெல்லாம் போகட்டும், அந்தப் பொத்தான்!

பதினாலில் ஆள் நின்றது. எழுபது வயதிருக்கும் ஒரு நெடிய மனிதர், கையில் தடி, ஒரு முழங்கால் மடங்காது. அவருக்கு முன்னால் எட்டுப் பாத்திகள். உழவன் வீட்டுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற வரம்பு, ஓரங்குலம் பிசகாமல். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுற்றிச் சுற்றிப் பாய்வதற்கென்று ஏற்பட்ட அமைப்பு. இங்கே வாரம் முழுக்க மழை பாய்ந்திருந்தது. எட்டிலும் நீர் நிறைந்து, பிறகு உறைந்து, எட்டுச் சதுரக் கண்ணாடிகளாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

"யார் இது?" என்று கேட்டார் பெரியவர், எங்களைப் பாராமல்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணை முன்னால் போய்விட்டார். அவருடைய ஜெர்மன் குளிர்க்களஞ்சிய ஜெர்மன். இடம், வலம், தூக்கு, வை. அதில் இருந்ததை எடுத்து அடுக்கினார்: "நான். பிழை. முழுப் பிழை நான்."

மீதியை நான் சொன்னேன். தொலைபேசி, தொப்பி, விசிறி, கார்ட்டன், வார்ட்டன். பெரியவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கடைசியில் தடியால் ஒரு வரம்பைத் தட்டிக் காட்டினார்.

"இந்தச் சுவர் எதற்கு?"

"தண்ணி நிக்கிறதுக்கு எண்டு சொல்லுங்கோ" என்றார் அண்ணை. சொன்னேன்.

"தண்ணீர் நிற்பதற்கா? முப்பது வருஷம் சுரங்கத்தின் அடியில் நின்று தண்ணீரை வெளியே இறைத்தேன். இந்த ஊரே இன்றைக்கும் பம்பு ஓடுவதால்தான் காய்ந்து கிடக்கிறது. இவர் வந்து உள்ளே கட்டி வைத்திருக்கிறார். எட்டுக் குளம்!"

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு மெல்ல, "ஒரு பக்கத்தாலை பாத்தால் அவர் சொல்லுறதும் சரிதான்" என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பெரியவர் பனிக்கண்ணாடி ஒன்றைத் தடியால் உடைத்தார். உடைத்த இடத்தில் தடியை ஊன்றினார். அது போயிற்று. இன்னும் போயிற்று. அரைத்தடி உள்ளே இறங்கியதும் அவர் கையை எடுத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடி தானாகவே நின்றது.

"ஒரு நாளிலா கொத்தினார்?"

"ஒரு நாள்" என்றார் அண்ணை, இது அவருக்கு விளங்கியது. ஒரு விரலைக் காட்டினார்.

பெரியவர் கொட்டில் படியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டார். அந்தக் கால் போனபிறகு மூன்று வருஷமாக ஒருவரும் கொத்தவில்லையாம். புல் மண்டிக் கிடக்கிறதென்று சங்கம் இரண்டு கடிதம் போட்டுவிட்டது. மே மாதம் வந்து பார்ப்பார்கள். பயிர் இல்லையென்றால் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தால் பட்டியலின் முதல் ஆளுக்குப் போகும். பதின்மூன்றாம் ஆளுக்கு அல்ல.

"பட்டியல் பட்டியல்தான். அதை நான் மாற்ற முடியாது" என்றார். "ஆனால் மண்வெட்டி பிடிக்கிறவன் பட்டியலில் இருக்க வேண்டும் என்று சங்கத்தின் சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். இடப்பாதி எனக்கு, உருளைக்கிழங்கு. வலப்பாதியில் அவர் என்ன வேண்டுமானாலும் வைக்கட்டும். ஆப்பிள் மரத்தில் கை வைக்கக்கூடாது. அந்தச் சுவர்கள் இன்றைக்கே போக வேண்டும்."

நான் அண்ணையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கும்வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கென்று ஒரு இலக்கம் இல்லை, இன்னும் பன்னிரண்டு பேருக்குப் பின்னால்தான். அது அவர் முகத்தில் ஒரு கணம் வந்து போனதை நான் கண்டேன். பிறகு அவருடைய கண் என் தோளைத் தாண்டிப் போய்விட்டது. கொட்டிலைச் சுற்றிப் போனார். சூரியனைப் பார்த்தார். திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"தங்கச்சி, அந்தக் கொட்டில் யன்னல் தெற்கு! கேளுங்கோ, கேளுங்கோ, நாத்துத் தட்டு உள்ளை வைக்கலாமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். பெரியவர் எத்தனை தட்டு என்று கேட்டார்.

"ஒண்டுதான் எண்டு சொல்லுங்கோ" என்றார் அண்ணை.

நான் பதினொன்று என்றேன். பெரியவர் இருமி இருமிச் சிரித்தார்.

அன்று பகல் முழுக்க வரம்பு உடைத்தார் அண்ணை. பனிக்கண்ணாடிகள் நொறுங்குகிற சத்தம் வேலிக்கு வெளியே கேட்டது. பத்து நிமிஷத்தில் பொத்தான்கள் கழன்றன, இருபது நிமிஷத்தில் மேலங்கி ஆப்பிள் மரத்தில் தொங்கியது. ஏழு பாத்திகள் தட்டையாயின. எட்டாவது, கொட்டிலுக்குப் பின்மூலையில், ஒரு கதவளவு பாத்தி, வரம்போடு அப்படியே இருந்தது. பெரியவர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததை நான் கண்டேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பழையபடி படியில் உட்கார்ந்தார்.

அடுத்த மூன்றரைக்கு அண்ணை என் குசினிக்கு வந்தபோது ஒரு புதிய ஒட்டுத்தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆகத் திடமான கத்தரிக் கன்றில் ஒட்டினார். 'பதினாலு ஐயா.'

"என்னப்பா, உமக்கு நிலம் தந்தவனுக்கே குடுக்கிறீரோ?" என்றா அக்கா. ஆனால் அவவே அன்றிரவு நாட்காட்டியை ஏப்ரலுக்குப் புரட்டிவிட்டதாக அடுத்த நாள் அண்ணை என்னிடம் இரகசியமாகச் சொன்னார். பெப்ரவரி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.

கன்றுகள் கொட்டிலுக்குப் போய்விட்டன. குளிர் கூடின நாட்களில் பெரியவர் அங்கே ஒரு சின்ன எண்ணெய் அடுப்பு மூட்டி வைத்தாராம். என் யன்னற்கட்டு வெறுமையாயிற்று. தேநீர்க் கோப்பையை வைக்க இடம் வந்தது. நான் நின்றுகொண்டே குடித்தேன்.

மார்ச்சுக் கடைசிச் சனிக்கிழமை என் சாமான் ஏற்ற வாகனம் வந்தது. அன்று காலை பனி கொட்டியது. பெரிய, ஈரமான, பிந்தி வந்த பனி. அண்ணை மேலங்கி திறந்து கிடக்க மூன்று மாடியும் ஏறி இறங்கினார். சலவை யந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தனியே பிடித்தார். "இடம், வலம், வை" என்று குளிர்க்களஞ்சிய ஜெர்மனில் சாரதியை மேய்த்தார். அக்கா வழிக்கென்று இடியப்பப் பெட்டி தந்து என் கன்னத்தைத் தடவினா. எல்லாம் ஏறியபிறகு அண்ணை மேலே போய், மேலங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுவந்த குவளையை எடுத்து, வாகனத்தில் ஏறியிருந்த என் மடியில் வைத்தார். மிளகாய்க் கன்று, ஆறு இலை. 'தங்கச்சி, ஹனோவர்' என்று நீலப் பேனாவில்.

இதெல்லாம் காய்க்கையிலே நான் இருக்கமாட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் சொல்லிச் சொல்லி நான் ஏற்கெனவே அந்தக் கறியைச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

சாரதி யந்திரத்தை முடுக்கினான். அண்ணை கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். பனி உள்ளே விழுந்தது.

"ஒண்டு கேக்க மறந்திட்டன். அங்கை உங்கடை யன்னல் எந்தப் பக்கம் பாத்தது?"

இந்தமுறை நான் பார்த்துவைத்திருந்தேன். அவருக்காகவே, வீடு பார்க்கப் போன அன்றே, தெருவில் நின்று.

"வடக்கு, அண்ணை."

அவர் மிளகாய்க் கன்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாகனம் நகரத் தொடங்கியது. பனிக்குள் இரண்டடி கூடவே நடந்தபடி சொன்னார்:

"அதுக்கென்ன. எதிர்வீட்டுக்காரரோடை பழகுங்கோ."